அப்பிச்சியின் அச்சுக்கட்டைகள்

தை மாசம் பொறக்கறதுக்கு முன்னாடி வருசா வருசம் எனக்கு ஒரு வேலை இருக்குங்க. பொங்கல் வாழ்த்து அட்டை பண்றது. வாட்ஸப்புல பானை பொங்கற படத்தை ஃபார்வேர்டு பண்ணிட்டுப் போக வேண்டியதுதானேன்னு என் ரூம்மேட் கேப்பான். பகலெல்லாம் கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டறவனுக்கு, ராத்திரி கையில மை ஒட்டற மாதிரி ஒரு வேலை தேவைப்படுது, அவ்வளவுதான். கெட்டிக் காகிதத்தை ரெண்டா மடிச்சு, மேல முத்திரை குத்தி, உள்ள ரெண்டு வரி எழுதி, தபால்ல அனுப்புவேன். மூணு வருசமா ரப்பர் முத்திரையும், கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்த பாலிமர் முத்திரையும்தான் வெச்சுப் பண்ணிட்டிருந்தேன்.

போன மார்கழியில திருப்பூர் போயிருந்தப்ப அம்முச்சி வீட்டுல மராமத்து வேலை நடந்துட்டு இருந்துச்சு. பரண்ல இருந்த சாமானெல்லாம் இறக்கி வாசல்ல வெச்சிருந்தாங்க. அதுல ஒரு டிரங்குப் பெட்டி. திறந்தா பழைய வேட்டியில சுத்தின மரக்கட்டைங்க, பதினேழு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி கைப்பிடி, முன்னாடி செதுக்கின கொடி, பூ, மாங்கா. எங்க அப்பிச்சி (கொங்கு நாட்டுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு: அம்மாவோட அப்பா) சின்ன வயசுல ஈரோட்டுப் பக்கம் ஒரு சேலை பிரிண்டிங் பட்டறையில வேலை பாத்தவரு. பட்டறை மூடினப்ப கூலி பாக்கிக்குப் பதிலா குடுத்த கட்டைகளாம். அவரு போய்ச் சேர்ந்து பத்து வருசம் ஆச்சு.

நான் பெட்டியைக் கிளறிட்டு இருக்கறப்பவே பழைய சாமான் வாங்கற ஒருத்தர் வந்துட்டாரு. அம்மாதான் வரச் சொல்லியிருக்காங்க. அவரு ஒவ்வொரு கட்டையா எடுத்துப் பாத்து ஆறை மட்டும் தனியா வெச்சாரு. "இதுக மட்டும் போதுங்க. செவுத்துல மாட்டறதுக்குக் கேப்பாங்க. மத்ததெல்லாம் அடுப்புக்குத்தான் ஆகும்" அப்படின்னாரு. விலையும் மோசமில்லை. அம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க. "ஒரு வாரம் பொறுங்க"ன்னு சொல்லி அனுப்பி வெச்சோம்.

அந்த ஒரு வாரத்துல தேடிப் படிச்சதும், மாமாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டதும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கட்டை அடிக்கறது சாயத்தை இல்லை

முத்திரைன்னா மையைத் தொட்டுக் குத்தறதுன்னுதான் நாம நினைச்சுட்டு இருக்கோம். நம்ம கடற்கரையில துணிக்கு அச்சு போட்டவங்க வேலையே வேற. பழைய முறையில கட்டை துணியில வைக்கறது சாயத்தை இல்லை, சாயத்தைப் பிடிச்சு வைக்கற மருந்தை.

முதல்ல துணியைக் கடுக்காய்த் தண்ணியிலயும் பாலுலயும் ஊறவெச்சுக் காயவைக்கணும். இரும்புத்துருவையும் வெல்லத்தையும் புளிக்க வெச்சு எடுத்த தண்ணியைத் துணியில வெச்சா, கடுக்காய் பட்ட இடம் கறுப்பாகும். சிவப்பு வேணுங்கற இடத்துல படிகாரக் கரைசல். அது அடிக்கறப்ப கண்ணுக்கே சரியாத் தெரியாது, அடையாளத்துக்குக் கொஞ்சம் நிறம் சேர்த்துக்குவாங்க. அப்புறம் மொத்தத் துணியையும் சாயவேர் போட்டுக் காய்ச்சுவாங்க. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மத்த இடத்துல ஒட்டினது சாணித் தண்ணியிலயும் வெயில்லயும் அலச அலசப் போயிரும். அச்சு போட்டது சரியா தப்பான்னு காய்ச்சி எடுத்தப்புறம்தான் தெரியும். நம்ம பாஷையில சொன்னா, கம்பைல் பண்றவரைக்கும் எர்ரர் காட்டாது :)

இந்தத் துணிக்குத்தான் சீட்டின்னு பேரு. நம்ம பாட்டிமாருங்க சொல்ற சீட்டிப் பாவாடையும், இங்கிலீஷ்காரன் சொல்ற சின்ட்ஸும் ஒரே வேர்ச்சொல்தான். இந்தியாவுல அச்சடிச்ச துணி ரொம்ப காலம் முன்னாடியே கடல் தாண்டிப் போயிருக்கு. பழைய கெய்ரோவான ஃபுஸ்டாட்டுல நூத்துக்கணக்குல இந்தியத் துணித் துண்டுகள் கிடைச்சுது. பெரும்பாலும் குஜராத் சரக்கு. சிலது ஆயிரம் வருசப் பழசு. கவனிங்க, கிடைச்சதெல்லாம் துணி. அதை அடிச்ச கட்டை ஒண்ணுகூட நமக்கு மிஞ்சலை. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நம்ம சோழமண்டலக் கரையில பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், வடக்கே மசூலிப்பட்டினம்னு துறைமுகம் துறைமுகமா துணி போச்சு. டச்சுக்காரன் பழவேற்காட்டுல 1613ல கோட்டை கட்டி உக்காந்ததுக்கு முக்கியக் காரணம் இந்தத் துணிதான். இங்கருந்து துணி வாங்கிட்டுப் போய் இந்தோனேசியத் தீவுகள்ல குடுத்து, ஜாதிக்காயும் கிராம்பும் வாங்குவான். நம்ம பக்கத்து உயர்ந்த சரக்கெல்லாம் பெரும்பாலும் கலம் புடிச்சு, அதாவது மூங்கில் பேனாவால வரைஞ்சது. அதுலகூட ஒரு மாதிரியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர ஒரு தந்திரம் வெச்சிருந்தாங்க. காகிதத்துல வரைஞ்சு, கோடு நெடுக ஊசியால ஓட்டை போட்டு, துணி மேல வெச்சு கரித்தூளைத் தட்டினா கோலப்பொடி சல்லடை மாதிரி படம் இறங்கிரும்.

பாண்டிச்சேரியில ஒரு ரிவர்ஸ் எஞ்சினியரிங்

இந்தத் துணி ஐரோப்பாவுல போட்ட போடுல அங்க இருந்த நெசவாளிங்க கதறிட்டாங்க. பிரான்சு 1686ல அச்சடிச்ச துணிக்கே தடை போட்டுது. வெளியில இருந்து வர்றதும் கூடாது, உள்ளூர்ல அடிக்கறதும் கூடாது. 1759ல தான் தடையை எடுத்தாங்க. இங்கிலாந்து 1700ல ஒரு சட்டம், 1721ல இன்னும் கடுமையா ஒரு சட்டம். ரெண்டாவது சட்டம் 1774 வரைக்கும் இருந்துச்சு.

தடை இருந்த காலத்துலயே தொழிலைக் கத்துக்கற வேலையும் நடந்துச்சு. 1734 வாக்குல பாண்டிச்சேரியில போலியூ அப்படின்னு ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, துணிக்குச் சாயம் போடறதைப் பக்கத்துல இருந்து பாத்து எழுதி வெச்சாரு. எழுதினது மட்டுமில்லை. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் துணியில ஒரு துண்டு வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டாரு. அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோட பாரிஸ்ல இன்னும் பத்திரமா இருக்கு. 1742ல கேர்தூ அப்படிங்கற ஏசு சபைப் பாதிரியார், தன்கிட்ட மதம் மாறி வந்த சாயத் தொழிலாளிகளைக் கேட்டுக் கேட்டு, முழு முறையையும் ஒரு நீண்ட கடிதமா ஊருக்கு எழுதிட்டாரு. (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு இருக்குன்னு 1767ல எழுதினாரே, அதே ஆளுதான்.)

நம்ம ஆளுங்க கைப்பழக்கத்துல வெச்சிருந்தாங்க. அவங்க காகிதத்துல எழுதி, மாதிரித் துண்டோட சேமிச்சாங்க. இன்னிக்கு 1734ல பாண்டிச்சேரிப் பக்கம் துணிக்கு எப்படிச் சாயம் போட்டாங்கன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணணும்னா பாரிஸுக்குத்தான் போகணும். வயித்தெரிச்சலா இருக்கு. ஆனா சேமிக்கறது எப்படிங்கறதுக்கு போலியூ பண்ணது ஒரு நல்ல பாடம். பொருளை மட்டும் வெக்காதே, ஒவ்வொரு கட்டத்தோட பதிவையும் வெய்யி.

தடை எடுத்த அடுத்த வருசமே, 1760ல, ஓபர்காம்ப் அப்படிங்கறவரு வெர்சாய் பக்கத்துல ழூயி கிராமத்துல கட்டை அச்சுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாரு. அங்கத்திக் கட்டைகள்ல நுணுக்கமான புள்ளி, கோட்டுக்கு மரத்தைச் செதுக்காம செம்புத் தகடும் ஊசியும் பதிச்சாங்க. கொஞ்ச நாள்ல அதுவும் பத்தலை. 1783ல தாமஸ் பெல் செதுக்கின செம்பு உருளையால துணி அடிக்கற மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினாரு. அதுக்கப்புறம் மான்செஸ்டர் துணி நம்மூருக்கே வந்து இறங்கின கதை உங்களுக்கே தெரியும்.

திருப்பூர்ல கட்டைக்கு இடமில்லை

இவ்வளவு கதை இருந்தும், எங்க ஊர்ல அச்சுக்கட்டை பாத்தது பரண்லதான். ஏன்னு மாமாவைக் கேட்டேன். சிரிச்சாரு.

"மாப்ள, பனியன் துணியக் கையில புடி. இழு. என்னாச்சு?"

"நீளுது."

"அவ்வளவுதான்."

நெசவுத் துணியில நூல் குறுக்கும் நெடுக்கும் போகுது, அசையாது. பனியன் துணி பின்னல். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோட கோத்து நிக்கறதால எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளும், வெட்டின ஓரம் சுருண்டுக்கும். அது மேல ஒரு கட்டையை அழுத்தி எடுத்து, பக்கத்துல அடுத்த கட்டையைச் சேர்த்து வெக்கறதுக்குள்ள துணி நகர்ந்துரும்.

அதுவுமில்லாம திருப்பூருக்கு ரொம்ப காலம் அச்சே பெருசாத் தேவைப்படலை. 1925ல முதல் பனியன் கம்பெனி வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அதுல இருந்து அம்பது வருசத்துக்கும் மேல இந்த ஊரோட முக்கியச் சரக்கு வெள்ளை பனியனும் ஜட்டியும்தான். அதுல அச்சுன்னா பிராண்டு பேரு, 85, 90ன்னு அளவு, அவ்வளவுதான். துணியில எண்ணு குத்தறது அதுக்கும் முந்தின பழக்கம். தான் துணியோட நீளம் எத்தனை கெஜம்னு அதுலயே முத்திரை குத்தணும்னு 1889ல வந்த இந்திய வணிகக் குறிச் சட்டம் சொல்லுச்சு.

1978ல இத்தாலியில இருந்து வெரோனாங்கற வியாபாரி வந்து சரக்கு எடுக்க ஆரம்பிச்சதைத்தான் எல்லாரும் எக்ஸ்போர்ட் கதைக்கு ஆரம்பமாச் சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் கலர், டீசர்ட், நெஞ்சுல படம். அந்தப் படம் ஏறினது ஸ்கிரீன் வழியா. 1907ல மான்செஸ்டர்ல சாமுவேல் சைமன் காப்புரிமை வாங்கின முறையோட பேரப்புள்ளை. சட்டத்துல மெல்லிய வலையை இழுத்துக் கட்டி, வெளிச்சம் பட்டா இறுகற மருந்தைப் பூசி, மேல ஃபிலிமை வெச்சு லைட்டு காட்டினா, ஃபிலிம்ல கறுப்பா இருக்கற இடம் மட்டும் இறுகாம தண்ணியில போயிரும். அந்த ஓட்டை வழியா சாயத்தை ரப்பர் பட்டையால தள்ளணும். துணி நகராம இருக்க டேபிள்ல பசை தடவி ஒட்டிக்குவாங்க. கட்டைக்குப் பிடி குடுக்காத பனியன் துணி, ஸ்கிரீனுக்கு அடங்கிருச்சு.

ஆனா ஸ்கிரீனுக்கு ஒரு குணம் இருக்கு. ஆர்டர் முடிஞ்சா மருந்தைக் கழுவிட்டு அதே சட்டத்துல அடுத்த டிசைன். பழசை அழிச்சாத்தான் புதுசு. சிவகாசிக்காரங்க பொங்கல் வாழ்த்தும் தீப்பெட்டி லேபிளும் அடிச்சாங்களே, அந்த லித்தோ கல்லும் அதே ஜாதிதான். 1790கள்ல செனஃபெல்டர் கண்டுபிடிச்ச முறை. அடிச்சு முடிச்சதும் கல்லைத் தேய்ச்சு வழவழப்பாக்கினா பழைய படம் போயிரும். கட்டை மட்டும்தான் அழிக்க முடியாதது. ஒரு கட்டையில ஒரு படம்தான். தேய்ஞ்சு போற வரைக்கும் அதே படம்தான். அதனாலதான் கட்டையைச் சேமிச்சாங்க, சேமிக்க இடம் வேணும்னு புலம்பினாங்க, கடைசியில எரிச்சாங்க.

மாமா சொந்தமா ஆறு பேரை வெச்சு ஒரு சின்ன டேபிள் பிரிண்டிங் யூனிட் நடத்திட்டு இருந்தாரு. 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நான் அப்ப எட்டாவது. நொய்யல்ல சாயத்தண்ணி ஓடினதும், 1992ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாம சாயக்குட்டையா நின்னதும், கீழ இருந்த விவசாயிங்க வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்ததும் நியாயமான கதை. அதுல எனக்கு வேற கருத்தில்லை. ஆனா சாயம் போட்ட துணி வரலைன்னா பிரிண்டிங்குக்கு வேலையில்லை. நாலு மாசம் தாக்குப் பிடிச்சாரு. அப்புறம் அலுமினியச் சட்டமெல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போச்சு, மரச் சட்டமெல்லாம் அடுப்புக்குப் போச்சு. ஃபிலிமெல்லாம் ஒரு பீரோவுல கிடந்து, மழை ஒழுகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. இருபது வருச டிசைன். இப்ப அதுல ஒண்ணுகூட அவர்கிட்ட இல்லை.

மூலையில ஒரு புள்ளி

இப்ப பெட்டிக்கு வருவோம்.

ராத்திரி மாமா வந்தாரு. வியாபாரி ஒதுக்கின ஆறையும், அடுப்புக்குன்னு சொன்ன பதினொண்ணையும் காட்டினேன். ஒதுக்கின ஆறும் அழகு. மெல்லிய கோட்டுல மாங்கா, கொடி எல்லாம் தெளிவாத் தெரியும். மீதி பதினொண்ணு எனக்கே பிடிக்கலை. வெறும் திட்டுத் திட்டா, பிஞ்சு பிஞ்சா, என்ன படம்னே தெரியாத மாதிரி.

மாமா ஒரு அசிங்கமான கட்டையை எடுத்து லைட்டுக்கு நேரா திருப்பினாரு. மூலையைத் தடவினாரு. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி நீட்டிட்டு இருந்துச்சு. எதுத்த மூலையிலயும் ஒண்ணு. நான் அதை அலங்காரம்னு நினைச்சிருந்தேன்.

"இது ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்குடா மாப்ள. நாங்க ஃபிலிம்ல நாலு மூலையிலயும் கூட்டல் குறி போடுவமே, அதேதான்."

ஒரு படத்துக்கு ஒரு கட்டை பத்தாது. கோட்டுக்கு ஒரு கட்டை, பின்னணிக்கு ஒண்ணு, உள்ள நிரப்பற ஒவ்வொரு நிறத்துக்கும் ஒண்ணு. இந்தக் கட்டையோட புள்ளி அந்தக் கட்டையோட புள்ளி மேல உக்காரணும். அப்பத்தான் பூவுக்குள்ள சிவப்பு சரியா விழும். தனியாப் பாத்தா கோட்டுக் கட்டை மட்டும்தான் அழகு. நிரப்புக் கட்டை வெறும் திட்டு. அதனாலதான் கடைக்காரருக்கு அது விறகு. வெளியூர் ஹோட்டல் சுவத்துலயும் ஃபிளாட் வரவேற்பறையிலயும் தொங்கற ஒவ்வொரு அழகான கட்டைக்குப் பின்னாடியும், எங்கயோ ரெண்டு மூணு அசிங்கமான கட்டைங்க எரிஞ்சிருக்கும்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

புள்ளிக்குப் புள்ளி அளந்து பாத்து ஜோடி சேர்த்தோம். ராத்திரி ஒரு மணி ஆச்சு. பதினேழுல அஞ்சு செட்டு தேறுச்சு. ஒரு மாங்கா செட்டுல மட்டும் நிரப்புக் கட்டை ரெண்டு இருக்கு, கோட்டுக் கட்டை இல்லை. அம்மா மெதுவாச் சொன்னாங்க: "அது கோயமுத்தூர்ல சித்தி வீட்டு ஹால்ல தொங்குதுடா. நாந்தான் குடுத்தேன்."

எதை எடுக்கறது, எப்படி வெக்கறது

வரலாறு போதும், அட்டை பண்றவங்களுக்கு நாலு விசயம். இதுல பாதி மாமா சொன்னது, மீதி நான் சொதப்பிக் கத்துக்கிட்டது.

மரக்கட்டை வாங்கறதா இருந்தா முதல்ல முகத்தைக் கண்ணாடி மேல கவுத்து வெச்சு, பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. நடுவுல வெளிச்சம் வந்தா கட்டை வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். பழைய சாயம் கோட்டுக்கு நடுவுல அடைச்சிருக்கான்னு பாக்கணும். கட்டைக்குள்ள குறுக்கே ஓட்டை இருந்தா பயந்துக்காதீங்க. அழுத்தறப்ப காத்தும் மிஞ்சின சாயமும் வெளிய போறதுக்காக வேணும்னே போட்டது. குஜராத்துல காந்திநகர் பக்கத்துல பேதாப்பூர்னு ஒரு ஊரு, கட்டை செதுக்கறதுக்கே பேர் போனது. அங்க தேக்குலதான் செதுக்குவாங்க. செதுக்கின புதுக் கட்டையைப் பத்துப் பதினஞ்சு நாள் எண்ணெயில ஊறவெச்சுத்தான் வேலைக்கு எடுக்கறது. முக்கியமா, செட்டா கிடைச்சா செட்டா வாங்குங்க. மூலைப் புள்ளியைத் தேடுங்க.

துணி அடிக்கறவங்க டேபிள்ல சாக்கும் துணியும் அடுக்கடுக்கா விரிச்சு மெத்து மெத்துன்னு வெச்சிருப்பாங்க. நாம கல்லு மாதிரி மேசையில காகிதத்தை வெச்சுக் குத்திட்டு, சரியா விழலைன்னு முத்திரையைத் திட்டறோம். அடியில நாலு மடிப்பு பனியன் வேஸ்ட் போடுங்க, வித்தியாசம் தெரியும். (திருப்பூர்க்காரன் வேற என்ன சொல்லுவான்!) மை தொடறதுக்கும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தட்டுல மூங்கில் தட்டி, அது மேல கம்பளி, அது மேல மெல்லிய துணி போட்டு சாயம் ஊத்துவாங்க. நம்ம இங்க் பேடோட கொள்ளுத்தாத்தா அதுதான்.

காகிதம் கெட்டியா, வழவழப்பில்லாம இருக்கணும். கைக்காகிதம் நல்லா இருக்கும். நம்ம நாட்டுல பல பட்டறைகள்ல கைக்காகிதத்துக்கு மூலப்பொருளே பனியன் கட்டிங்தான். ஆக, அட்டையே பழைய பனியன்.

வேலை முடிஞ்சதும் கட்டையைத் தண்ணியில ஊறப்போடாதீங்க, வெடிச்சிரும். பழைய டூத்பிரஷ்ல ஈரம் தொட்டுத் தேய்ச்சு, உடனே துடைச்சு, நிழல்ல காயவெச்சு, லேசா எண்ணெய் தடவணும். சிமெண்டுத் தரையில வெக்காதீங்க, ஓதம் ஏறும். முகத்தோட முகம் ஒட்ட வெக்காதீங்க. நடுவுல துணி போடுங்க. கரையானுக்கும் உளுவுக்கும் வருசத்துக்கு ரெண்டு தடவை பெட்டியைத் திறந்து பாக்கறதுதான் நல்ல மருந்து.

ரப்பர் முத்திரை 1860கள்ல அமெரிக்காவுல வந்த சரக்கு. குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோட காய்ச்சிப் பதப்படுத்தின வித்தையால வந்தது. அதுக்கு எதிரி வெயிலும் சூடும். ஜன்னலோரம் வெச்சா இறுகி வெடிச்சிரும். பாலிமர் முத்திரை வெளிச்சத்துல மஞ்சளாகும். அதை பிளாஸ்டிக் தாள்ல ஒட்டி, பழைய சிடி கவர்ல போட்டு இருட்டுல வெச்சிடுங்க. சாதாரண சோப்புத் தண்ணி போதும், ஆல்கஹால் கிளீனர் வேண்டாம்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒரு நோட்டு. ஒவ்வொரு முத்திரையையும் ஒரு பக்கத்துல குத்தி, பக்கத்துல எந்த செட்டு, எது முதல்ல, எது அடுத்து, என்ன நிறம், எந்தத் தேதின்னு எழுதி வெய்யுங்க. போலியூ துணி வெட்டி வெச்ச மாதிரி. கோட் எழுதறவங்களுக்குத் தெரியும், சோர்ஸ் இருந்தும் எப்படி பில்ட் பண்றதுன்னு யாருமே எழுதி வெக்கலைன்னா அந்த சோர்ஸ் எதுக்குமே ஆகாது.

மாங்கா

அடுத்த ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் போனேன். சித்தி மறுப்பே சொல்லலை. "செவுத்துல தொங்கறதுக்கு எதுக்குடா, எடுத்துட்டுப் போ" அப்படின்னாங்க. மேற்குச் சுவரு. மூணு வருசமா மத்தியான வெயில் நேரா அடிச்சிருக்கு. பளபளப்புக்கு வார்னிஷ் வேற அடிச்சு, அது கோட்டுக்கு நடுவுல இறங்கி இறுகிப் போயிருந்துச்சு. கொக்கி மாட்ட ஸ்க்ரூ போட்ட இடத்துல ஒரு விரிசல். கண்ணாடியில வெச்சுப் பாத்தா நடுவுல நல்லாவே வெளிச்சம் தெரியுது.

ரெண்டு நாள் ஊசியால வார்னிஷைச் சுரண்டினோம். அடியில எட்டு மடிப்பு பனியன் துணி போட்டு, மாமா கைப்பிடி மேல முஷ்டியால ஒரு குத்து விட்டாரு. முதல்ல கறுப்புக் கோடு. புள்ளி மேல புள்ளி வெச்சு சிவப்பு. அப்புறம் மஞ்சள். மாங்கா வந்துச்சு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் ஒரு நகக்கண் அளவுக்குக் கோடு விழவே இல்லை. அந்த இடத்தைப் பேனாவால நிரப்பிடலாமான்னு யோசிச்சோம். மாமா வேண்டாம்னுட்டாரு.

முதல் அட்டையை அம்முச்சிகிட்டக் கொண்டு போய்க் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, கொஞ்ச நேரம் பாத்தாங்க. நான் என்னமோ அழுவாங்கன்னு எதிர்பாத்துட்டு நிக்கறேன்.

"தலகீழா அடிச்சிருக்கீங்க சாமி."

"என்னது?"

"மாங்கா மூக்கு கீழ பாக்கோணும். முந்தானையில தொங்கற மாதிரி. உங்க அப்பிச்சி அப்படித்தான் அடிப்பாரு. கலரும் மஞ்ச மொதல்ல, செவப்பு அப்பறம்."

இதெல்லாம் கட்டையில எங்கயும் எழுதலை. புள்ளி சொன்னது எங்க வெக்கணும்ங்கறது மட்டும்தான். எந்தப் பக்கம் மேல, எது முதல்லங்கறது எம்பத்தி மூணு வயசு மனுசிகிட்ட மட்டும் இருந்துச்சு. இத்தனை வருசமா அவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லை, நானும்தான்.

வியாபாரிக்கு ஃபோன் பண்ணி விக்கறது இல்லைன்னு சொல்லிட்டோம். சித்தி வீட்டுச் சுவருக்கு, அந்த மாங்காயை மூணு நிறத்துல துணியில அடிச்சு சட்டம் போட்டுக் குடுத்தாச்சு. இந்த வருசம் நாப்பத்தி ரெண்டு அட்டை போச்சு, மூக்கு கீழ பாத்து, மஞ்சள் முதல்ல. நடுவுல அந்த இடைவெளியோட.

நோட்டுல இப்ப பதினெட்டு பக்கம் நிறைஞ்சிருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப மீதி நாலு செட்டையும் அம்முச்சி முன்னாடி வெச்சு ஒவ்வொண்ணாக் கேக்கணும். உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாச்சும் இருந்தா, வியாபாரி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை மூலையைத் தடவிப் பாருங்க. அப்படியே வீட்டுல பெரியவங்களைக் கேட்டுருங்க.